மின்வழி அறிதல்

நுழையும்முன்

மகிழுந்தின் விளக்கு ஒன்று எரியாவிட்டால் அதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துகிறோம். புதியதும் எரியாதபோது என்ன செய்வது? உலோகத் தகட்டின் பின்னும் இருக்கைக்கு அடியிலும் மறைந்தோடும் நூற்றுக்கணக்கான கம்பிகளில் பழுது எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் காண இயலாது. அதைக் கண்டறிய உதவுவது மின்கம்பி வரைபடம். அதைப் படிக்கும் முறையையும் அதைக்கொண்டு பழுதை நாடும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து நண்பர் ஒருவரின் பழைய மகிழுந்தில் திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு பத்து மணி இருக்கும். சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது, பின்னால் வந்த சரக்குந்தின் ஓட்டுநர் இறங்கி வந்து சன்னலைத் தட்டினார். "சார், நீங்க பிரேக் பிடிச்சா வலது பக்கப் பின்விளக்கு அணைஞ்சு போகுது. ரெண்டு தடவை பக்கத்துல வந்துட்டேன். பார்த்துப் போங்க" என்றார்.

பிரேக்கை மிதித்தால் விளக்கு எரியும் என்பதை அறிவோம். அணையும் என்பதை நண்பர் நம்பவில்லை. இறங்கிச் சென்று பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. முகப்பு விளக்குகளைப் போட்டிருக்கும்போது வலப்புறப் பின்விளக்கு மங்கலாக எரிந்தது. பிரேக்கை மிதித்தவுடன் அதுவும் அணைந்து அந்தப் பக்கம் முழு இருட்டாயிற்று. நாற்கரச் சாலையில், வேகமாக வரும் வண்டிகளுக்கு முன்னே, நிறுத்தப்போகும் அந்த நொடியில்தான் எங்கள் வண்டியின் ஒரு பாதி மறைந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஒரு பட்டறையில் விளக்கை மாற்றினார்கள். பயனில்லை. பிரேக் மிதியடியின் மேலுள்ள சுவிட்சை மாற்றினார்கள். அதிலும் பயனில்லை. பின்விளக்குக் கூடு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று விலையும் கூறினார்கள். அதற்குள் வயது முதிர்ந்த மின்பணியாளர் ஒருவரிடம் வண்டியைக் காட்டும்படி வேறொருவர் அறிவுரை கூறினார். அவர் வண்டியைத் தொடவில்லை. முதலில் அதன் பராமரிப்பு நூலைக் கேட்டார். அதில் மடித்து வைக்கப்பட்டிருந்த வரைபடத்தை முன்மூடியின்மேல் விரித்துவைத்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "லைன் எல்லாம் சரியாத்தான் சார் வருது. எர்த்துதான் போயிருக்கு" என்றார். ஒரு கருவியையும் கையில் எடுக்கும் முன்னர் அவர் அம்முடிவுக்கு எவ்வாறு வந்தார் என்பதே நாம் அறிய வேண்டியது.

மின்சுற்றும் திரும்பும் வழியும்

மின்னோட்டம் பாய ஒரு முழுச் சுற்று தேவை என்பதை இயற்பியலில் கற்றிருக்கிறோம். வீட்டு மின்னமைப்பில் செல்லவும் திரும்பவும் தனித்தனிக் கம்பிகள் உள்ளன. மகிழுந்தில் பேட்டரியின் நேர்முனையிலிருந்து விளக்குவரை கம்பி செல்கிறது. ஆனால், திரும்பி வரும் பாதையின் பெரும்பகுதிக்குக் கம்பி இல்லை. வண்டியின் இரும்பு உடலே திரும்பும் வழியாகப் பயன்படுகிறது. பேட்டரியின் எதிர்முனை தடித்த கம்பியால் வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். விளக்கின் மறுமுனையிலிருந்து ஒரு சிறு கம்பி அருகிலுள்ள உடல் தகட்டில் திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தைத்தான் பட்டறையில் எர்த் என்கிறார்கள். நாம் புவியிணைப்பு என்று எழுதலாம். ஆனால், ரப்பர் சக்கரங்கள்மேல் நிற்கும் வண்டிக்கும் புவிக்கும் இதில் தொடர்பேதும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த ஏற்பாட்டால் கம்பியின் நீளம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஆனால், மழைநீர் பட்டுத் துருப்பிடிக்கும் ஒரு திருகாணியின்மேல் விளக்கின் வாழ்வு தங்கிவிடுகிறது. மகிழுந்துகளில் காணப்படும் விந்தையான மின்பழுதுகளில் பல, இத்தகைய இணைப்புகளில் தொடங்குபவை. பழகிய பணியாளர்கள் எர்த்தை முதலில் ஐயுறுவது இதனாலேயே.

வரைபடத்தின் எழுத்துகள்

மின்கம்பி வரைபடம் ஊர்தியின் உருவப்படம் அன்று. கம்பி எங்கே வளைகிறது, எந்தத் தகட்டுக்கு அடியில் செல்கிறது என்பவற்றை அது காட்டுவதில்லை. எது எதனோடு இணைகிறது என்பதை மட்டும் காட்டுகிறது. தொடர்வண்டித் தடங்களின் சுவர்ப்படத்தில் தொலைவும் திசையும் சரியாக இரா. ஆனால், எந்த நிலையத்தில் வண்டி மாற வேண்டும் என்பது தெளிவாக இருக்கும். இதுவும் அத்தகையதே. பல வரைபடங்களில் மேல் விளிம்பில் பேட்டரியின் நேர்முனை சார்ந்த கோடுகளும் கீழ் விளிம்பில் புவியிணைப்புக் கோடும் வரையப்பட்டிருக்கும். நடுவே உருகி, சுவிட்சு, ரிலே, விளக்கு ஆகியவை மேலிருந்து கீழாக அமையும். ஆகவே, மின்னோட்டத்தை மேலிருந்து கீழே ஒரு வரியாக வாசித்துவிடலாம்.

இந்த மொழிக்கு எண்களும் உண்டு. டிஐஎன் 72552 என்னும் ஜெர்மானியத் தரம் ஊர்தி மின்முனைகளுக்கு எண் வகுத்துள்ளது. 30 என்பது பேட்டரியிலிருந்து நேரடியாக வரும் நேர்முனை. சாவியைக் கழற்றிய பின்னும் அதில் மின்னழுத்தம் இருக்கும். 15 என்பது சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் முனை. 31 என்பது புவியிணைப்பு. நம்மூர்ப் பட்டறையில் கிடைக்கும் சாதாரண ரிலேயைத் திருப்பிப் பார்த்தால் 30, 85, 86, 87 என்னும் எண்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 85, 86 ஆகியவை உள்ளிருக்கும் சுருளின் இரு முனைகள். சுருளில் சிறு மின்னோட்டம் பாய்ந்ததும் அது காந்தமாகி 30ஐயும் 87ஐயும் இணைத்துவிடும். அந்த நான்கு எண்களை அறிந்தவர், ஒலிப்பான் முதல் குளிர்விக்கும் விசிறி வரை ரிலே வழியாக இயங்கும் பல கருவிகளின் சுற்றைப் படித்துவிடலாம்.

கம்பிகளின் நிறங்கள் எழுத்துக் குறியீடுகளாகத் தரப்பட்டிருக்கும். முதல் எழுத்து கம்பியின் அடிப்படை நிறத்தையும், சாய்கோட்டுக்குப் பின்வரும் எழுத்து அதன்மேல் ஓடும் மெல்லிய வரையின் நிறத்தையும் குறிக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நிறக்குறியீடு எல்லா நாட்டவர்க்கும் பொதுவானதன்று. ஜப்பானிய வரைபடங்களில் நீலத்திற்கு 'எல்' என்னும் எழுத்தும், பழைய பிரித்தானிய வரைபடங்களில் அதே நிறத்திற்கு 'யு' என்னும் எழுத்தும் வழங்குகின்றன. ஜெர்மானிய வண்டிகளில் புவியிணைப்புக் கம்பி பழுப்பு நிறம். ஜப்பானிய மரபு வண்டிகளில் கறுப்பு. எனவே, படத்தின் தொடக்கத்தில் உள்ள குறியீட்டு விளக்கப் பக்கத்தைப் படிக்காமல் உள்ளே நுழைவது, அகராதியின் முன்னுரையைப் படிக்காமல் சுருக்கக் குறிகளோடு மல்லாடுவதற்கு ஒப்பாகும். நானும் அப்படி மல்லாடியவன்தான்.

உருகிகளுக்கும் நிற ஒழுங்கு உண்டு. தட்டையான இரு கால்களையுடைய உருகிகளில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

எவை எரிகின்றன?

பழுது நாடும்போது எரியாத விளக்கையே உற்றுநோக்குவது இயல்பு. வரைபடம் படிப்பவர் எரிபவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். பிரேக் விளக்குகளின் சுற்றைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து ஓர் உருகி, அதன்பின் பிரேக் சுவிட்சு, அதன்பின் கம்பி இரண்டாகப் பிரிந்து இடப்புற விளக்குக்கும் வலப்புற விளக்குக்கும் செல்கிறது. இரண்டும் எரியவில்லையெனில் இரண்டுக்கும் பொதுவான பகுதியில், அதாவது உருகியிலோ சுவிட்சிலோ பிரியும் இடத்திற்கு முந்திய கம்பியிலோ பழுது இருக்க வாய்ப்பு மிகுதி. ஒன்று மட்டும் எரியவில்லையெனில் பொதுப்பகுதி நலமாக இருக்கிறது. பழுது பிரிந்த பின் உள்ள கிளையில் இருக்கிறது.

நண்பரின் வண்டியில் இடப்புறப் பிரேக் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. ஆகவே, பிரேக் சுவிட்சை மாற்றியது தொடக்கத்திலேயே தேவையற்ற செலவு. வரைபடத்தை ஒருமுறை பார்த்திருந்தால் அப்பணம் மிஞ்சியிருக்கும்.

அணைந்த விளக்கின் கணக்கு

இப்போது அந்த விந்தைக்கு வருவோம். அவ்வண்டியின் பின்விளக்கில் ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகள் இருந்தன. 5 வாட் இழை இரவில் எரியும் பின்விளக்கு. 21 வாட் இழை பிரேக் விளக்கு. இரண்டு இழைகளுக்கும் மின்சாரம் வரும் வழிகள் தனித்தனி. திரும்பிச் செல்லும் வழி ஒன்றே. அது குமிழின் உலோக அடிப்பாகம். அங்கிருந்து ஒரு கறுப்புக் கம்பி உடல் தகட்டுக்குச் செல்கிறது. இண்டிகேட்டர் விளக்குக்கு அவ்வண்டியில் வேறொரு கூடும் வேறொரு புவியிணைப்பும் இருந்தன.

அந்தக் கறுப்புக் கம்பியின் திருகாணி துருவேறித் தொடர்பு அறுந்துவிட்டது எனக் கொள்வோம். படத்தில் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து மறைத்துவிட்டு மின்னோட்டத்திற்கு வேறு வழி உண்டா என்று தேடுங்கள். முகப்பு விளக்குச் சுவிட்சைப் போட்டிருக்கிறோம், பிரேக்கை மிதிக்கவில்லை. 5 வாட் இழைக்குள் நுழையும் மின்னோட்டம் குமிழின் அடிப்பாகத்தை அடைகிறது. புவிக்குச் செல்ல வழியில்லை. ஆனால், அதே அடிப்பாகத்தில் 21 வாட் இழையின் மறுமுனையும் இணைந்திருக்கிறது. அதன் வழியே பின்னோக்கிச் சென்று பிரேக் கம்பியை அடைகிறது. அக்கம்பி இடப்புறப் பிரேக் விளக்கோடு இணைந்திருப்பதால் அதன் இழைவழியே சென்று, இடப்புறத்தின் நல்ல புவியிணைப்பில் இறங்கிவிடுகிறது. மூன்று இழைகளும் தொடரிணைப்பில் அமைந்துவிட்டன!

ஓம் விதியைக்கொண்டு இதைக் கணக்கிடலாம். 12 வோல்ட்டில் எரியும் 5 வாட் இழையின் மின்தடை 28.8 ஓம். 21 வாட் இழையின் மின்தடை ஏறத்தாழ 6.9 ஓம். தொடரிணைப்பின் மொத்தத் தடை 28.8 + 6.9 + 6.9 = 42.6 ஓம். மின்னோட்டம் 0.28 ஆம்பியர். எனவே, 5 வாட் இழைக்குக் கிடைப்பது 12 வோல்ட் அன்று. ஏறத்தாழ 8 வோல்ட். அதனால் அது மங்கலாக எரிகிறது. மற்ற இரண்டுக்கும் 2 வோல்ட் அளவே கிடைப்பதால் அவை எரிவது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை மிகவும் குறையும் என்பதால் இவை தோராய மதிப்புகளே, போக்கு மாறாது.

இப்போது பிரேக்கை மிதியுங்கள். பிரேக் கம்பிக்கும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. 5 வாட் இழையின் நுழைவாயிலில் 12 வோல்ட். 21 வாட் இழையின் நுழைவாயிலிலும் 12 வோல்ட். இரண்டு பக்கமும் அழுத்தம் சமமானால் இடையில் ஓட்டம் ஏது? மங்கலாக எரிந்த விளக்கும் அணைந்துவிடுகிறது. சரக்குந்து ஓட்டுநர் கண்டது இதையே.

பகலில், பின்விளக்கு அணைந்திருக்கும்போது பிரேக்கை மிதித்தால் நிகழ்வது வேறு. 21 வாட் இழைவழியே வரும் மின்னோட்டம் 5 வாட் இழைவழியே பின்னோக்கிச் சென்று, பின்விளக்குக் கம்பியோடு இணைந்த மற்றப் பின்விளக்கு, எண்பலகை விளக்கு, முன்புறச் சிறு விளக்குகள் ஆகியவற்றின் வழியே புவியை அடைகிறது. அப்போது பிரேக் விளக்குக்குப் பதிலாகப் பின்விளக்கு மங்கலாக எரியும். ஒரே கூட்டில் இண்டிகேட்டரும் அதே புவியிணைப்பைப் பகிர்ந்துகொண்டிருக்கும் வண்டிகளில் இன்னும் வழிகள் திறக்கும்; பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்கலாக ஒளிரும், இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு துடிக்கும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று எதிரொலிக்கும் இத்தகைய அறிகுறிகள் எல்லாம் பெரும்பாலும் புவியிணைப்பையே சுட்டுகின்றன. முதியவர் கருவியை எடுக்கும் முன்பே கூறியதன் காரணம் இதுதான்.

அளந்து அறிதல்

ஆயினும், அவர் ஊகத்தோடு நிற்கவில்லை. பின்விளக்குச் சுவிட்சை அணைத்துவிட்டு நண்பரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொன்னார். மல்டிமீட்டரை நேர்மின் வோல்ட்டில் வைத்துச் சிவப்பு முனையைக் குமிழின் அடிப்பாகத்திலும் கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையோடு இணைத்த நீண்ட கம்பியிலும் வைத்தார். புவியிணைப்பு நலமாக இருந்தால் அங்கே ஏறத்தாழச் சுழியம் காட்ட வேண்டும்; 0.1 அல்லது 0.2 வோல்ட் வரை ஏற்கலாம். மீட்டர் 10 வோல்ட் காட்டியது. மேலே நாம் செய்த கணக்கோடு இது பொருந்துவதைக் கவனியுங்கள்: பகல்நேரச் சுற்றில் 21 வாட் இழை 2 வோல்ட் அளவை மட்டும் எடுத்துக்கொள்ள, மீதி அடிப்பாகத்தில் நிற்கிறது.

இச்சோதனைக்கு மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை என்று பெயர். சுற்று வேலை செய்துகொண்டிருக்கும்போதே செய்வது இதன் சிறப்பு. பலர் கம்பியைக் கழற்றி ஓம் அளவில் வைத்து, பீப் ஒலி கேட்டதும் கம்பி நலம் என்று தீர்மானித்துவிடுகின்றனர். அது பெரும் பிழை. மீட்டர் தன் சோதனைக்காகச் செலுத்தும் மின்னோட்டம் மிகச் சிறியது. பல இழைகளைக் கொண்ட கம்பியில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அது கடந்துவிடும். 55 வாட் முகப்பு விளக்கை எடுத்துக்கொள்வோம். அதற்கு வேண்டியது ஏறத்தாழ 4.6 ஆம்பியர், அதன் தடை 2.6 ஓம். துருவால் வழியில் 1 ஓம் மட்டும் கூடினால் மின்னோட்டம் 3.3 ஆம்பியராகக் குறைகிறது. விளக்கின் திறன் 29 வாட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஓம் அளவியில் 1 என்னும் எண்ணைப் பார்ப்பவர் அதைப் பொருட்படுத்தமாட்டார். இருட்டில் ஓட்டுபவருக்கோ பாதி வெளிச்சம் போய்விட்டது.

படத்தில் அந்தப் புவியிணைப்புக்கு ஓர் எண் இருந்தது. நூலின் வேறொரு பக்கத்தில் அந்த எண்ணுக்குரிய இடம் குறிக்கப்பட்டிருந்தது: பின்பெட்டியின் வலப்புற உள்விரிப்புக்குப் பின்னால். விரிப்பை விலக்கினோம். திருகாணி பச்சையும் பழுப்புமாகப் பூத்திருந்தது. பின்கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்து மழைநீர் அதன்மேல் வடிந்துகொண்டிருந்தது. அவர் தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, கம்பியின் நுனியைப் புதிதாக்கி, முடுக்கி, மேலே வாசலின் தடவினார். மீட்டர் 0.05 வோல்ட் காட்டியது. பிறகு ரப்பர் விளிம்பையும் மாற்றச் சொன்னார். அதை மாற்றாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் அதே திருகாணியைத் தேடி மீண்டும் வர நேரும் என்றார்.

செய்யத் தகாதவை

உருகி அடிக்கடி உருகினால் கூடுதல் ஆம்பியர் உருகியைப் பொருத்துவதும், உருகிக்குப் பதிலாகக் கம்பித்துண்டைச் செருகுவதும் நம்மூரில் காணக்கூடியவை. உருகி காப்பது விளக்கை அன்று, கம்பியை. 10 ஆம்பியர் உருகி உள்ள இடத்தில் 30 ஆம்பியர் உருகியைப் பொருத்தினால், குறுக்கிணைப்பு நேரும்போது உருகிக்கு முன் கம்பியின் உறை உருகிப் புகையும். ஓடும் வண்டிகள் தீப்பற்றக் காரணமாகும் செயல்களில் இதுவும் ஒன்று. அவ்வாறே, மஞ்சள் உறையோ மஞ்சள் இணைப்பியோ உள்ள கம்பிகள் பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றில் சோதனை விளக்கையோ மீட்டரையோ வைத்தல் கூடாது. சிறு மின்னோட்டமே பையை வெடித்து விரியச் செய்துவிடக்கூடும்.

இன்றைய மகிழுந்துகளில் விளக்கின் சுவிட்சு பெரும்பாலும் விளக்குக்கு நேரடியாக மின்சாரம் அனுப்புவதில்லை. சுவிட்சு போடப்பட்ட செய்தியை ஒரு சிறு கணினி அறிந்து விளக்கை எரிக்கிறது. இத்தகைய கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக பாஷ் நிறுவனம் 1986ஆம் ஆண்டு கேன் என்னும் தகவல் தடத்தை அறிமுகப்படுத்தியது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளே அத்தடம். அதன் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஓட்டுநர் இருக்கைக்கு முன்புறம் கீழே உள்ள 16 முனைச் சோதனை இணைப்பியின் 6ஆம் முனைக்கும் 14ஆம் முனைக்கும் இடையே அளந்தால், அத்தடம் அங்கே நேராக இணைந்துள்ள வண்டிகளில் 60 ஓம் காட்ட வேண்டும். இரு தடைகள் பக்க இணைப்பில் அமைவதால் பாதியாகிறது. 120 காட்டினால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. இந்த வண்டிகளின் வரைபடங்கள் பல நூறு பக்கங்களாக நீளுகின்றன. அவற்றிலும் விளக்கின் கீழே ஒரு கோடு இறங்கி, புவியிணைப்பு எண்ணில் முடிகிறது. அந்த எண்ணுக்குரிய திருகாணி அவற்றிலும் தகட்டின்மேல்தான் இருக்கிறது.